124-ல் ஒரு நடுக்கம்

உங்க உடம்புல ஓடுற ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற இந்த நிமிஷத்துல அதுல எவ்வளவு சர்க்கரை கரைஞ்சிருக்கும்னு ஒரு கெஸ் பண்ணுங்க. ஒரு டம்ளர்? அரை டம்ளர்? சரியான பதில், ஒரே ஒரு டீஸ்பூன். 100 மில்லி ரத்தத்துக்கு 100 மில்லிகிராம்னு வச்சுக்கிட்டா மொத்தம் 5 கிராம்தான் வருது. காலையில மெஸ்ல நீங்க குடிச்ச டீயிலயே இதைவிட அதிகம் இருந்திருக்கும். ஆனா அந்த டீக்கு அப்புறமும் ரத்தத்துல அந்த அளவு பெரிசா ஏறாது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் பெரிசா இறங்காது. 24 மணி நேரமும் ஒரு கன்ட்ரோல் லூப் உங்களுக்காக ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க ஒருநாளும் அதுக்கு தேங்க்ஸ் சொல்லியிருக்க மாட்டீங்க. நானும் சொன்னதில்லை.

எனக்கு அந்த லூப் ஆறாவது செமஸ்டர்ல நின்னுபோச்சு.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. பிப்ரவரி மாசம் தாகம் தாங்க முடியல. ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்து பாத்ரூம் போவேன். ரெண்டு மாசத்துல 7 கிலோ குறைஞ்சேன். ஹாஸ்டல்ல எல்லாரும் "என்ன டயட்டுடி, எங்களுக்கும் சொல்லு"ன்னு கேட்டாங்க. ஊருக்குப் போனப்போ அம்மா என் தோள்பட்டை எலும்பைப் பார்த்துட்டு நேரா லேபுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சுகர் 412. மூணு மாச சராசரியைச் சொல்ற ஹெச்பிஏ1சி 12.1. அதாவது கடைசி ரெண்டு மூணு மாசமா என் ரத்தத்துல சராசரியா 300 ஓடியிருக்கு. டைப் 1 சர்க்கரை நோய். என் உடம்போட நோய் எதிர்ப்புச் சக்தியே, கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழிச்சிருக்கு. "நிறைய ஸ்வீட் சாப்பிட்டியா?"ன்னு இதுவரைக்கும் ஒரு முப்பது பேராவது கேட்டிருப்பாங்க. இல்லைங்க. இதுக்கும் ஸ்வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

1922 ஜனவரியில டொரன்டோவுல லியோனார்ட் தாம்சன்னு ஒரு 14 வயசுப் பையனுக்குத்தான் முதன்முதலா இன்சுலின் ஊசி போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல முடிஞ்சுபோகும். இதைப் படிச்சப்போ எனக்கு அழுகை வரல, ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. சரி, மருந்து இருக்கு, ஊசி போட்டா சுகர் இறங்கும், இறங்கினா நல்லா ஆயிடுவேன். லாஜிக் சரிதானே?

இங்கதான் விஷயம் இருக்கு. சுகர் கூடினா கஷ்டம், குறைஞ்சா நிம்மதின்னுதான் நாம எல்லாரும் நினைக்கிறோம். 300-ல இருந்தப்போ எனக்குச் சோர்வு இருந்துச்சு, தாகம் இருந்துச்சு, ஆனா அதெல்லாம் பழகிப்போச்சு. கிளாஸ் போனேன், இன்டர்னல்ஸ் எழுதினேன், கல்ச்சுரல்ஸ்ல ஆடினேன். சுகர் 150 பக்கம் இறங்கினப்போதான் செத்துடுவேனோன்னு தோணுச்சு.

ஊசி ஆரம்பிச்சு மூணாவது வாரம். பிராசஸ் கன்ட்ரோல் லேப். டேங்க் லெவல் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ரீடிங் எடுத்துக்கிட்டிருக்கேன். திடீர்னு கை நடுங்குது. பேனா பிடிக்க முடியல. நெஞ்சு படபடன்னு அடிக்குது, முதுகுல வேர்வை, வாயைச் சுத்தி மரத்துப்போன மாதிரி. அதோட ஒரு பசி. சாதாரணப் பசி கிடையாது, எதிர்ல இருக்கிற டஸ்டரையும் தின்னுடலாம்ங்கிற பசி. ஆஸ்பத்திரியில சொல்லிக் கொடுத்த லோ சுகர் லிஸ்ட்ல இருந்த எல்லா அறிகுறியும் டிக் ஆகுது. பையில குளுக்கோஸ் பாக்கெட் இருக்கு. ஆனா முதல்ல மீட்டர்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. கையைக் கழுவிட்டு விரலைக் குத்தினேன்.

124.

மீட்டர் தப்புன்னு நினைச்சு இன்னொரு விரல்ல குத்தினேன். 119. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஸ்டூடன்ட், எனக்கு டாலரன்ஸ் தெரியும். இந்த மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ தரம் என்ன சொல்லுதுன்னா, 100-க்கு மேல 15 சதவீதம் வரைக்கும் முன்னே பின்னே காட்டலாம். சரி, 15 சதவீதம் தப்புன்னே வச்சுக்கிட்டாலும் இது 100-க்குக் கீழே போகாது. லோன்னு சொல்லணும்னா 70-க்குக் கீழே இருக்கணும். ஆக, எண் "நீ நார்மல்"னு சொல்லுது. உடம்பு "ஓடு, இப்பவே ஏதாவது தின்னு, இல்லைன்னா விழுந்துடுவே"ன்னு கத்துது. யாரை நம்புறது?

லேப் ஸ்டூல்ல உட்கார்ந்து தண்ணி குடிச்சேன். 15 நிமிஷம். என் வாழ்க்கையிலயே நீளமான 15 நிமிஷம் அது. மறுபடி குத்தினேன், 121. நடுக்கம் மெதுவா அடங்குச்சு.

அடுத்த செக்கப்புல டாக்டர்கிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "ஏசி தியேட்டர்ல மூணு மணி நேரம் உட்கார்ந்துட்டு மத்தியான ஷோ முடிஞ்சு வெளியே வந்தா எப்படிம்மா இருக்கும்? வெளியில வெயில் எப்பவும் போலத்தான் அடிக்குது. உன் கண்ணுதான் இருட்டுக்குப் பழகிருச்சு"ன்னாங்க.

அவங்க விளக்கினதை நம்ம பாஷையில சொல்றேன். மூளைக்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ். அதைச் சேமிச்சு வைக்க மூளையில பெரிசா இடம் கிடையாது. அதனால சப்ளை குறையுதான்னு உடம்பு எப்பவும் கண்காணிச்சுக்கிட்டே இருக்கு. குறைஞ்சா அட்ரினலின், குளுக்ககான் மாதிரி ஹார்மோன்களைத் தட்டி விடும். நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் பெரும்பாலும் அட்ரினலினோட வேலை. பிரச்சனை என்னன்னா, இந்த அலாரம் எந்த எண்ல அடிக்கணும்ங்கிறது நிரந்தரமா பொறிச்சு வச்ச விஷயம் இல்லை. பல மாசம் 300-லயே வாழ்ந்த உடம்பு 300-ஐத்தான் வீடுன்னு நினைச்சுக்கும். அப்புறம் 124-க்கு வந்தா, பாதிக்கு மேல காணாமப்போச்சேன்னு அலாரம் அடிக்கும். 1988-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாத டைப் 1 ஆட்களுக்குச் சராசரியா 78-லயே லோ அறிகுறிகள் ஆரம்பிச்சிருக்கு. சர்க்கரை நோய் இல்லாதவங்களுக்கு 53 வரைக்கும் இறங்கினப்புறம்தான் வந்திருக்கு. இதைப் பொய் லோன்னும் சொல்றாங்க. ஆனா அந்த நடுக்கம் பொய் கிடையாது. அட்ரினலின் நிஜம், வேர்வை நிஜம். செட் பாயின்ட் மட்டும்தான் தப்பான இடத்துல இருக்கு.

செட் பாயின்ட்! ஐந்தாவது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி எழுதின வார்த்தை. அது என் நெஞ்சுக்குள்ள இருந்து படபடன்னு அடிக்கும்னு யாராவது சொல்லியிருந்தா அந்த பேப்பரை இன்னும் கொஞ்சம் மரியாதையா படிச்சிருப்பேன்.

டாக்டர் என் சுகரை ஒரே நாள்ல 100-க்குக் கொண்டுவர முயற்சி பண்ணல. முதல் சில வாரம் 200-க்குக் கீழே இருந்தா போதும்னாங்க. அப்புறம் 180. அப்புறம் 160. நம்ம பாஷையில, ஸ்டெப் இன்புட் கொடுக்காம ராம்ப் இன்புட் கொடுத்தாங்க. பல மாசம் உயரத்துல இருந்த சுகரை ரொம்ப வேகமா இறக்கினா சிலருக்கு நரம்பு வலி வரலாம், கண்ணோட விழித்திரையில ஏற்கெனவே பாதிப்பு இருந்தா அது கொஞ்ச நாளைக்கு மோசமாகலாம். அதனால மெதுவா போறது சோம்பேறித்தனம் கிடையாது. அதுதான் டிசைன்.

கண்ணுன்னதும் ஞாபகம் வருது. நாலாவது வாரம் புக்கைப் பக்கத்துல வச்சுப் படிக்க முடியல, எழுத்தெல்லாம் மங்கலா தெரிஞ்சுது. சுகர் கண்ணைத் தின்னுடுச்சுன்னு நினைச்சு ராத்திரி முழுக்கத் தூங்கல. கண் டாக்டர் பார்த்துட்டு விழித்திரை நல்லா இருக்குன்னாங்க. சுகர் ஏறி இறங்கும்போது கண்ணுல இருக்கிற லென்ஸுக்குள்ள தண்ணி அளவு மாறுமாம், அதோட பவரும் மாறுமாம். "இப்போ கண்ணாடி வாங்காதே, காசு வேஸ்ட். ஆறு வாரம் கழிச்சு வா"ன்னாங்க. ஆறு வாரத்துல தானா சரியாச்சு. இன்சுலின் ஆரம்பிச்ச புதுசுல இருக்கிற யாராவது இதைப் படிச்சா, கண்ணைக் கண்டிப்பா செக் பண்ணுங்க, கண்ணாடியை மட்டும் உடனே ஆர்டர் பண்ணாதீங்க.

நடுக்கம் வந்தா என்ன பண்றதுன்னு டாக்டர் ஒரு சின்ன ஃப்ளோசார்ட் மாதிரி போட்டுக் கொடுத்தாங்க. 70-க்குக் கீழே இருந்தா யோசிக்கவே கூடாது, 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். 70-க்கும் 100-க்கும் நடுவுல இருந்து, ஊசி இன்னும் வேலை செஞ்சுக்கிட்டிருந்தாலோ நடக்கவேண்டியிருந்தாலோ ரெண்டு பிஸ்கட். 100-க்கு மேல இருந்தா உட்காரு, தண்ணி குடி, 15 நிமிஷம் கழிச்சுப் பாரு. மீட்டர் கையில இல்லைன்னா மட்டும் லோன்னே நினைச்சுச் சர்க்கரை சாப்பிட்டுடு, ஏன்னா அதுதான் பாதுகாப்பான தப்பு. இது எனக்குப் போட்ட கணக்கு. உங்களுக்கு உங்க டாக்டர்தான் போடணும்.

நான் ஒரு எக்ஸல் ஷீட் ஆரம்பிச்சேன். மூணே காலம்: நேரம், என்ன தோணுது, மீட்டர் என்ன சொல்லுது. முதல் நடுக்கம் 148-ல வந்துச்சு. மூணாவது வாரம் 124. ஐந்தாவது வாரம் 103. ஏழாவது வாரம் 91. கிராஃப் போட்டுப் பார்த்தா அழகா ஒரு எக்ஸ்பொனென்ஷியல் மாதிரி இறங்குது. உள்ளே இருக்கிற செட் பாயின்ட் கொஞ்சம் கொஞ்சமா தன் பழைய வீட்டுக்கு நடந்து போறதைக் கண்ணால பார்க்க முடிஞ்சுது. அந்த கிராஃப் இல்லைன்னா நான் தாங்கியிருக்க மாட்டேன்னு தோணுது. நடுங்குற நேரத்துல "இது முடியும்"னு எந்த அட்வைஸும் நம்ப வைக்கல. போன வாரத்தைவிட இந்த வாரம் 12 பாயின்ட் குறைவாத்தான் நடுங்கினேன்ங்கிறது நம்ப வச்சுது.

இந்த நேரத்துல வீட்ல இன்னொரு அலாரம் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே அம்மா சொன்னது: "வெளியில யார்கிட்டயும் சொல்லிக்காதடி. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கணும்." எனக்குக் கோபம் வரல. அம்மாவோட பயம் எங்கிருந்து வருதுன்னு தெரியும். எங்க தெருவுல ஒரு அக்காவோட கல்யாணம் இதே மாதிரி ஒரு காரணத்துக்காகத் தட்டிப்போனதை நானே பார்த்திருக்கேன். ஆனா ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம்ல ஒரு நாளைக்கு நாலு ஊசியை எங்கே ஒளிச்சுப் போடறது? பாத்ரூம்ல போட்டேன். மெஸ்ல "வயிறு சரியில்லை"ன்னு சொல்லிட்டு மாடிக்கு ஓடிப் போட்டுட்டு வந்தேன்.

பிளேஸ்மென்ட் வந்துச்சு. ஆகஸ்ட்ல முதல் கம்பெனி, மூணு மணி நேர ஆன்லைன் டெஸ்ட், ஹாலுக்குள்ள பேனா தவிர எதுவும் கொண்டுபோகக் கூடாது. அதுக்குள்ள ரூம்மேட்டுக்கு மட்டும் விஷயம் தெரியும், மீட்டரைப் பார்த்துட்டா. அவ நல்ல மனசோடதான் சொன்னா: "ஏய், பிளேஸ்மென்ட் முடியற வரைக்கும் ஊசியைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோயேன். 220-ல இருந்தா உனக்கு நடுக்கமும் வராது, டென்ஷனும் இல்லை. அப்புறம் பார்த்துக்கலாம்டி."

உண்மையைச் சொல்றேன், இந்த யோசனை எவ்வளவு இனிப்பா இருந்துச்சுன்னு உங்களுக்குப் புரியாது. 220-ல எனக்கு சொகமா இருக்கும், எனக்கே தெரியும். ஆனா அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1441 பேரை வச்சு நடத்தின டிசிசிடி ஆய்வோட முடிவு 1993-ல வந்துச்சு. ஆரம்பத்துல கண் பாதிப்பு இல்லாம சேர்ந்தவங்கள்ல, சுகரைக் கண்டிப்பா கட்டுப்படுத்தினவங்களுக்குப் புதுசா விழித்திரை பாதிப்பு வர ஆபத்து 76 சதவீதம் குறைஞ்சுது. அதே ஆய்வுல அவங்களுக்குக் கடுமையான லோ சுகர் மூணு மடங்கு அதிகமா வந்ததும் உண்மை. ரெண்டையும் தெரிஞ்சுதான் டாக்டர் எனக்கு அந்த ராம்பைப் போட்டிருக்காங்க. நான் 220-க்குத் திரும்பிப் போனா, இவ்வளவு நாள் நடுங்கி இறக்கின செட் பாயின்ட்டும் என்கூடவே மேல ஏறும். செப்டம்பர்ல மறுபடி முதல்லேர்ந்து நடுங்கணும். அப்புறம் அக்டோபர்ல ஒரு கம்பெனி வரும், அதுக்காக மறுபடி தள்ளிப்போடத் தோணும்.

ஊசியைக் குறைக்கல. அதுக்குப் பதிலா இன்னொண்ணு பண்ணவேண்டியிருந்துச்சு. வீட்டுக்குப் போன் பண்ணினேன். "அம்மா, மீட்டரும் குளுக்கோஸும் டேபிள்ல இருந்தாத்தான் நான் டெஸ்ட் எழுத முடியும். அதுக்கு சார்கிட்ட சொல்லணும். சார்கிட்ட சொன்னா எல்லாருக்கும் தெரியும்." அம்மா ரொம்ப நேரம் பேசல. டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "சொல்லாம நீ அங்க விழுந்தா நான் என்னடி பண்ணுவேன். சொல்லு"ன்னாங்க.

பிளேஸ்மென்ட் சார் லெட்டரைப் படிச்சுட்டு, "எடுத்துட்டுப் போம்மா, இதுக்கெல்லாம் எதுக்கு லெட்டர்"னு சொல்லி ஹால்ல இருந்த மேடம்கிட்டயும் சொல்லி வச்சுட்டார். டெஸ்ட் நடுவுல 96-ல லேசா ஒரு நடுக்கம் வந்துச்சு. விரலைக் குத்திப் பார்த்தேன், ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டேன், அடுத்த கேள்விக்குப் போனேன். டெஸ்ட் கிளியர் ஆச்சு. இன்டர்வியூல போச்சு. அதுக்குச் சுகர் காரணம் இல்லை, லிங்க்டு லிஸ்ட் காரணம்.

செப்டம்பர் மாசம் ஒரு சாயங்காலம் நூலகத்துலிருந்து நடந்து வரும்போது பழைய நடுக்கம் வந்துச்சு. படியில உட்கார்ந்து டெஸ்ட் பண்ணினேன். 66. நிஜமான லோ. குளுக்கோஸைக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டே நான் சிரிச்சேன். அந்த வழியா போனவங்க என்ன நினைச்சாங்களோ தெரியாது. ஆனா ஆறு மாசத்துல முதல் தடவையா என் உடம்பும் மீட்டரும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்துச்சு. அலாரம் சரியான இடத்துல அடிச்சிருக்கு.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். அலாரம் மேல போகும்னா கீழேயும் போகும். அடிக்கடி லோ வந்துக்கிட்டே இருந்தா உடம்பு அதுக்கும் பழகிடும். 60-ல அடிக்கவேண்டிய மணி 50-லயும் அடிக்காது, நேரா மயக்கம்தான். சில வாரம் லோவே வராம பார்த்துக்கிட்டா பெரும்பாலும் அந்த உணர்வு திரும்ப வருமாம். அதனால "பழகிப்போச்சு"ங்கிற வார்த்தையைக் கேட்டா இப்போ எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. மோசமான விஷயத்துக்கும் உடம்பு அவ்வளவு சமத்தா பழகிடுது.

"உடம்பு சொல்றதைக் கேளு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. கேளுங்க, கண்டிப்பா கேளுங்க. ஆனா அது நேத்து இருந்ததோட ஒப்பிட்டுத்தான் பேசுதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மூணு மணிக்குத் தூங்கிப் பழகினவனுக்கு முதல் வாரம் பதினோரு மணிக்குப் படுத்தா தூக்கமே வராது. உடம்பு அப்பவும் ஏதோ தப்பு நடக்கிற மாதிரிதான் சொல்லும். சரியான இடத்துக்குத் திரும்பிப் போற வழியும் சில நேரம் நோய் மாதிரியே இருக்கும்.

இப்போ என் ஹெச்பிஏ1சி 7.2. ஊசியை மெஸ்லயே போட்டுக்கிறேன். இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன். மாப்பிள்ளை விஷயத்தை எடுத்துடவான்னு கேட்டேன். "இருக்கட்டும். அதான் படிச்சுட்டு வர்றவன் தெரிஞ்சே வருவான்"னாங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு வேலை. உங்க விங்ல, உங்க கிளாஸ்ல யாராவது இன்சுலின் போடறாங்கன்னு தெரிஞ்சா, அவங்க குளுக்கோஸ் எந்தப் பையில இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. அவங்க நடுங்கினா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, டெஸ்ட் பண்ண முடியலைன்னா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, இன்சுலினும் போடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. மீட்டர்ல 124 காட்டியும் அவங்க நடுங்கிக்கிட்டிருந்தா, "அதான் நார்மலா இருக்கே, ஏன் சீன் போடறே"ன்னு மட்டும் கேட்காதீங்க. பக்கத்துல ஒரு 15 நிமிஷம் உட்காருங்க. எங்க டிபார்ட்மென்ட்னா டேங்க் லெவல் ரீடிங்கையும் எடுத்துக் கொடுத்துடுங்க.